கூடையில் போடும் முன்: நூல் கடைக் கேள்வி பதில்

புதுச்சேரியில் எங்கள் நூல் கடை வாசலில் ஒரு மூங்கில் கூடை இருக்கிறது. வாடிக்கையாளர்கள் வீட்டில் பின்னிய குல்லா, மஃப்ளர், காலுறை, சிறு போர்வை ஆகியவற்றை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் தரம் பார்த்து, துவைத்து, அளவுவாரியாகப் பிரித்து, கேட்டிருக்கும் மருத்துவமனைப் பிரிவுக்கும் முதியோர் இல்லத்துக்கும் மலைக்கிராமப் பள்ளிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்போம். சென்ற இதழில் இதைப் பற்றி நாலு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர் இந்த மாதப் பக்கங்களை எனக்கே ஒதுக்கிவிட்டார். வழக்கமாக இங்கே சமையல் குறிப்பு எழுதும் அம்மையார் என்னை மன்னிக்க வேண்டும்.

கேள்வி: கடலூரில் மார்கழி மாதத்திலும் மின்விசிறி ஓடினால்தான் தூக்கம் வருகிறது. இந்த ஊரில் கம்பளிக் குல்லா பின்னி யாருக்குக் கொடுப்பது? வேடிக்கையாகக் கேட்கவில்லை அம்மா, உண்மையாகவே கேட்கிறேன்.
– மஞ்சக்குப்பம் வாசகி

பதில்: வேடிக்கையாகக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மீதிப் பேர் எதையும் கேட்காமல் பெரிய ஸ்வெட்டராகப் பின்னி எடுத்து வந்துவிடுகிறார்கள். கேட்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

வெளியே முப்பது டிகிரி வெயில் காயும்போதும் ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த குழந்தைக்குக் குளிரும். எடையோடு ஒப்பிட்டால் அதற்குத் தோல் பரப்பு அதிகம். அதிலும் தலை பெரிது. தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் அதனால் முடியாது. பிரசவ அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். ‘கங்காரு பராமரிப்பு’ என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அதைச் செய்கிறார்கள். அப்போது குழந்தையின் உடம்பில் இருப்பவை மூன்றே பொருள்கள்: இடுப்புத் துணி, காலுறை, தலையில் ஒரு குல்லா. அந்தக் குல்லா கடையில் கிடைக்கும் அளவில் இருப்பதில்லை. உங்களுக்கு வேலை அங்கே இருக்கிறது.

அடுத்தது புற்றுநோய் சிகிச்சையில் முடி உதிர்ந்தவர்கள். ஏ.சி. ஓடும் வார்டில் மொட்டைத் தலையோடு மணிக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவருக்குக் கடலூரும் ஊட்டிதான். அதற்கும் அடுத்து, மேற்கே கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சிப் பக்கம் அடிவாரத்தில் நின்றால் தெரியாது. மேலே கிராமங்களில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக் குளிர் வேறு மாதிரி. நீலகிரியில் உறைபனியே விழுகிறது, அதைச் சொல்லவே வேண்டாம்.

கடற்கரைச் சாலையில் நடைப்பயிற்சி போகும் பெரியவர்கள் என் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு மஃப்ளர் வாங்கித் தர வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேள்வி: குறைப்பிரசவக் குழந்தைக்கான குல்லா எத்தனை கண்ணி, எந்த ஊசி என்று சரியாக எழுதுங்கள். வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– லாஸ்பேட்டை வாசகி

பதில்: சரியாகவே எழுதுகிறேன். 4 பிளை பேபி நூல், 10-ஆம் எண் ஊசி. நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்தான் புழங்குகிறது. எண் ஏற ஏற ஊசி மெலியும். 10 என்றால் 3.25 மில்லிமீட்டர். வீடியோவில் அமெரிக்கப் பெண்மணி ‘சைஸ் 10’ என்று சொன்னால் அது 6 மில்லிமீட்டர் தடி. அதை வைத்துப் பின்னினால் குல்லா வராது, கொசுவலைதான் வரும். எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டர் அகலத்தில் 28 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வருகிறதா என்று எண்ணுங்கள். 24 வந்தால் உங்கள் கை தளர்வு, மெலிந்த ஊசிக்கு மாறுங்கள். 32 வந்தால் இறுக்கம், தடித்த ஊசியை எடுங்கள். எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. கூடைக்கு வரும் குல்லாக்களில் ஒதுக்கப்படுபவை பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான் ஒதுக்கப்படுகின்றன.

சிறிய அளவுக்கு 72 கண்ணி. இருமுனை ஊசிகள் நான்கில், வட்டமாகப் பின்னுங்கள். மூன்று ஊசிகளில் 24 கண்ணி வீதம் ஏற்றினால் நான்காவது ஊசி வேலை செய்யும். முதல் 3 சென்டிமீட்டர் 2 நிட் (நேர்க்கண்ணி), 2 பர்ல் (எதிர்க்கண்ணி) என்று மாற்றி மாற்றிப் பின்னும் ரிப், அதாவது இழுபடும் பட்டை. பிறகு எல்லாச் சுற்றும் நிட். தொடக்கத்திலிருந்து 7 சென்டிமீட்டர் வந்ததும் உச்சியைக் குறைக்கத் தொடங்குங்கள்: 7 நிட், அடுத்த 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்குங்கள், சுற்று முழுவதும் இப்படியே. எட்டு இடங்களில் குறைந்து 64 ஆகும். அடுத்த சுற்று குறைக்காமல் நிட். அதற்கடுத்து 6 நிட், 2-ஐச் சேர்த்து ஒன்று. இப்படி ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் 8 கண்ணி மிஞ்சும். நூலை அறுத்து, அந்த எட்டின் வழியாகவும் ஊசியால் ஓட்டி, இழுத்து முடிச்சிடுங்கள். நுனியை உள்பக்கம் நாலைந்து கண்ணிகளுக்குள் ஓட்டி மறைத்துவிடுங்கள். முடித்ததை ஒரு நல்ல பெரிய மாதுளம்பழத்தின்மேல் போட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஏறி, விளிம்பு லேசாகப் பிடித்து நின்றால் சரி. அந்தத் தலைகள் அந்த அளவில்தான் இருக்கின்றன.

மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு 88 கண்ணி. 9 சென்டிமீட்டர் வந்த பிறகு 9 நிட், 2-ஐச் சேர்த்து ஒன்று என்று குறையுங்கள். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும். குல்லா அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும்.

வட்டமாகப் பின்ன வராதவர்கள் தட்டையாகப் பின்னி மூட்டலாம், தையலுக்காக 2 கண்ணி கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மூட்டிய தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். எட்டு மாதத்தில் பிறந்த குழந்தையின் தோலை யாராவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஓடும் நரம்பு தெரியும். அதன்மேல் ஒரு தையல் வரி இரவெல்லாம் அழுந்தினால் காலையில் சிவந்த கோடு இருக்கும்.

பஞ்சுக் குஞ்சம், பொத்தான், கழுத்தில் கட்டும் நாடா, மணி எதுவும் வேண்டாம். ஓட்டை ஓட்டையாக வரும் அலங்காரப் பின்னலும் வேண்டாம். காலுறையில் அப்படிப் பின்னினால் விரல் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகு, சித்திரை வெயிலில் குல்லாவை மாட்டியபடியே தூங்க வைக்காதீர்கள். சூடு தணிவதற்கும் அதற்குத் தலைதான் வழி. வியர்த்தால் கழற்றிவிட வேண்டும், பாட்டி என்ன சொன்னாலும்.

கேள்வி: காலமான என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருபது உண்டைக்கு மேல் உல்லன் நூல் இருக்கிறது. அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் குழந்தைகளுக்குப் பின்னிக் கொடுத்தால் அவர் ஆத்மா சாந்தியடையும் என்று நினைக்கிறேன். செய்யலாமா?
– நெல்லிக்குப்பம் வாசகி

பதில்: பின்னுங்கள், ஆனால் பிறந்த குழந்தைகளுக்கு வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி. அந்துருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாப்தலின் பட்டால், ஆவியாக மூச்சில் போனாலும்கூட, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பிறந்த அன்றே யாருக்கும் தெரியாது. நான்கு முறை துவைத்தாலும் அந்த வாசனை கம்பளியை விட்டுப் போவதில்லை என்பதை உங்கள் மூக்கே சொல்லும். கூடைக்கு வரும் பொருளை நான் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். புதிதாக வந்த பெண்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அம்மாவின் நூல் எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். ஒரு விரல் நீள இழையை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடியானால் அது உண்மையான கம்பளி. உருகிச் சொட்டி, கறுப்பாகக் கெட்டி மணிபோல் இறுகினால் அக்ரிலிக். அம்மா அக்ரிலிக்குக்குப் போய் அந்துருண்டை வைத்திருந்தால் அது வீண். பூச்சியின் புழு தின்பது விலங்கு ரோமத்தைத்தான், பிளாஸ்டிக் இழையை அது சீண்டாது.

கம்பளி என்றால் உண்டைகளைப் பிரித்து, சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் அலசி, மாடியில் நிழல் காற்றில் நாள்கணக்காக உலரவிடுங்கள். வாசனை அடங்கிய பிறகு மலைக்கிராமப் பெரியவர்களுக்கு மஃப்ளராகவும் போர்வையாகவும் பின்னுங்கள். கட்டாந்தரையில் படுப்பவருக்கு உண்மையான கம்பளி கிடைப்பது அபூர்வம். விறகடுப்புப் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கம்பளிதான் நல்லது. தீப்பொறி பட்டால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். துவைக்கும் முறையை மட்டும் ஒரு சீட்டில் தமிழில் எழுதி வைத்துவிடுங்கள். வெந்நீரில் போட்டு அடித்துத் துவைத்தால் அது சுருங்கித் தடித்துப் பொம்மைச் சட்டை ஆகிவிடும்.

இனிமேல் சேமிக்கிறவர்களுக்கு: நன்றாகத் துவைத்து, வெயிலில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் மூடினாலே போதும். இந்தக் கடல் காற்றில் பூச்சியைவிடப் பூஞ்சணம்தான் பெரிய எதிரி. எஃகு ஊசிகளைத் துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குள் துருவேறி வெள்ளை நூலில் பழுப்புக் கோடு விழும்.

கேள்வி: நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி உங்கள் கூடைக்காக நூல் வாங்கும் செலவையும், பின்னும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பணத்துக்குத் திருப்பூரில் மொத்தமாகக் குல்லா வாங்கிக் கொடுத்தால் பல மடங்கு குழந்தைகளுக்குக் கிடைக்குமே? கோபித்துக்கொள்ள வேண்டாம்.
– முதலியார்பேட்டை வாசகர்

பதில்: நூல் விற்பவளிடம் இதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும் ஐயா. உங்கள் கணக்கு பெருமளவு சரி. நிறைமாதக் குழந்தைக்குப் பருத்திக் குல்லா என்றால் திருப்பூர் பனியன் துணியில் தைத்ததே போதும்; மலிவு, துவைக்க எளிது, நம் வெயிலுக்கு ஏற்றது. ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டுச் செவிலியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் சொன்னது, “குல்லா இருக்கிறது அம்மா, தாய்மார்களுக்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி கொடுங்கள்.” கங்காரு முறையில் குழந்தையை மார்போடு வைத்துக்கொள்ள, கழுத்து வழியாகப் போடும் நைட்டி உதவாது என்பது எனக்கு அப்போது உறைத்தது. அந்த மாதம் கூடைக்காக ஒதுக்கிய பணம் முழுவதும் நைட்டிக்குப் போயிற்று. கடையில் ஒரு உண்டை நூல் கூட அதனால் விற்கவில்லை.

கைப்பின்னல் எங்கே நிற்கிறது என்றால், ஆலை செய்யாத அளவில். 28 சென்டிமீட்டர் தலைக்கும் அதற்குக் கீழும் யாரும் மொத்தமாக உற்பத்தி செய்து கடைகளில் தொங்கவிடுவதில்லை. அப்புறம், ஒரு காது வீங்கியிருக்கும் நோயாளிக்கு, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும் பாட்டிக்கு, அவரவர் அளவுக்கு ஒன்று. அதை உங்கள் மனைவி செய்ய முடியும், திருப்பூர் செய்யாது.

நேரத்தை மட்டும் ரூபாயாக்கிக் கழிக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் உங்களோடு உட்கார்ந்து தொலைக்காட்சித் தொடர் பார்த்திருந்தால் அதற்கு என்ன கூலி போடுவீர்கள்?

கேள்வி: புயல் வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் ஸ்வெட்டர்களும் கம்பளிகளும் சேகரித்து அனுப்பினோம். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்ததாகக் கேள்விப்பட்டோம். மனது கஷ்டமாகிவிட்டது.
– நெய்வேலி வாசகி

பதில்: நல்ல மனது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய கதையும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்துச் சாலைகளில் நாடெங்கிலும் இருந்து வந்த பழைய துணிகள் மலைமலையாகக் கிடந்து மழையில் நனைந்து நாறின. உடுத்த முடியாதவை, கிழிந்தவை, நம் பெண்கள் உடுத்தாதவை. அதை அள்ளிப் போடுவதற்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள். 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் என்று நாம் எத்தனையோ பார்த்துவிட்டோம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது கம்பளி எதற்கு? நனைந்தால் தூக்க முடியாத கனம், உலர்த்த இடம் கிடையாது. அந்த நேரத்தில் வேண்டியவை புதிய உள்ளாடை, நைட்டி, லுங்கி, துண்டு, பாய், நாப்கின், கொசுவர்த்தி. பின்னல் வேலை புயலுக்கு உதவாது. புயல் வருகிற மாதங்களில் நான் கூடையை உள்ளே எடுத்து வைத்துவிடுவேன், யாரும் அவசரத்தில் நிரப்பிவிடாதபடிக்கு.

சுனாமிக்குப் பின் இந்தப் பக்கத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஆரோவில்லில் உள்ள உபாசனா வடிவமைப்பு நிலையத்தின் முயற்சியில் மீனவப் பெண்கள், தையற்கூடங்களில் மிஞ்சிய துண்டுத் துணியில் ‘சுனாமிகா’ என்ற கட்டைவிரல் அளவுப் பொம்மைகளைச் செய்தார்கள். பொம்மை விற்பனைக்கு இல்லை, பரிசாகவே கொடுக்கப்பட்டது. விரும்பியவர்கள் நன்கொடை தந்தார்கள். அங்கே கையில் ஊசி இருந்தது உதவி பெற வேண்டியவர்களிடமே. எனக்கு அது இன்னும் யோசிக்க வைக்கிற விஷயம்.

கேள்வி: எனக்கு அறுபத்தைந்து வயது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பேத்தி குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடுவதைப் பார்க்கிறேன். ஆண்கள் பின்னினால் ஊர் சிரிக்குமா?
– தேவனாம்பட்டினம் வாசகர்

பதில்: ஐயா, வலை பின்னிய கைக்கு ஊர் எப்போது சிரித்தது? வலை ஊசியில் நூல் ஏற்றி, கண் அளவு மாறாமல் மரத்துண்டை வைத்து முடிச்சுப் போட்ட உங்களுக்குக் குரோஷா விளையாட்டு. உங்களைப் போன்றவர்களிடம் எங்கள் பெண்களுக்கு வராத ஒன்று இருக்கிறது: ஒரே சீரான இழுவிசை. முதல் கண்ணியும் ஆயிரமாவது கண்ணியும் ஒரே அளவில் விழும். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரிக்குள் டாகிலே என்ற தீவு இருக்கிறது. அங்கே ஊசி பிடித்துக் குல்லா பின்னுவது ஆண்கள், சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. பேத்தியிடமே கற்றுக்கொள்ளுங்கள். ஆறு அங்குலச் சதுரத்தில் தொடங்குங்கள். வலை முடிச்சுப் பழக்கத்தில் நூலை இறுக்கி இழுப்பீர்கள், அதை மட்டும் குறைக்க வேண்டும். குரோஷா இறுகினால் அட்டைபோல் விறைத்துவிடும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஆளுக்குச் சில சதுரங்கள் பின்னி, சேர்த்துப் போர்வையாக்கலாம் என்று பிரித்துக்கொண்டோம். மேசையில் பரப்பிப் பார்த்தால் ஒன்று ஐந்து அங்குலம், ஒன்று ஏழு. சண்டை வந்துவிடும் போலிருக்கிறது.
– விருத்தாசலம் வாசகி

பதில்: சண்டையை ஊசிமேல் திருப்பிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே எண் ஊசியும் ஒரே கம்பெனி நூலும் வாங்கிக் கொடுத்து, ஆறு அங்குல அட்டை ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்திருந்தால் இந்த வம்பு இல்லை. இப்போது செய்ய வேண்டியது: ஐந்து அங்குலத்தைச் சுற்றிக் குரோஷாவில் ஒரு கரை கட்டி ஆறாக்குங்கள். ஏழு அங்குலச் சதுரத்தைப் பிரித்துவிடுங்கள், யார் பின்னியது என்று கேட்காமல் பிரியுங்கள். ஆறு சதுரம் அகலம், எட்டு சதுரம் நீளம் என்றால் 48 சதுரத்தில் மூன்றடிக்கு நான்கடி வரும், படுக்கையில் கிடக்கும் பெரியவரின் முழங்காலுக்கு மேல் போட அது போதும். சக்கர நாற்காலிக்கு அதைவிட நீளம் கூடாது, சக்கரத்தில் மாட்டும்.

பெரிதாகச் சேர்ந்து செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே அத்தாட்சி உண்டு. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்’ குழுப் பெண்கள் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அத்தனை கைகள் சேர்ந்தும் துண்டுகள் பொருந்தின என்றால், அளவை முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: சகோதரிக்குக் கீமோதெரபி நடக்கிறது. குல்லா பின்னித் தர நினைக்கிறேன். அறுவை சிகிச்சையும் ஆகியிருக்கிறது. உள்ளே வைத்துக்கொள்ளப் பின்னலிலேயே ஏதோ செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: கூச்சப்பட ஒன்றும் இல்லை தங்கச்சி. முதலில் குல்லா. மென்மையான பருத்தி நூல் வாங்குங்கள். முடி உதிர்ந்த தலையில் கம்பளி அரிக்கும். பெரியவர்கள் தலைச் சுற்றளவு சராசரியாக 54 முதல் 57 சென்டிமீட்டர். பருத்தி கம்பளிபோல் மீள்வதில்லை என்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் குறைத்துப் பின்னுங்கள். காது மூடும் ஆழம் வேண்டும், பின் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறங்கட்டும். நிறத்தை அவரிடமே கேளுங்கள். நாங்கள் முதலில் ரோஸ், இளநீலம் என்று பூப்பூவாக அனுப்பிக்கொண்டிருந்தோம். பெண்கள் கேட்டது கறுப்பும் காப்பிக் கொட்டை நிறமும். முக்காடு விலகினால் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு முடிபோல் தெரிய வேண்டும், பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மை. பருத்தி நூலில் வட்டமாகப் பின்னி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு அடைத்து, பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் மார்பக வடிவம். சிலிக்கானைவிட எடை மிகக் குறைவு, நம் வியர்வைக்கு ஏற்றது, துவைத்து உலர்த்தலாம். பஞ்சைக் கூட்டிக் குறைத்து மறுபக்க அளவுக்குக் கொண்டுவரலாம். உடம்பில் படும் பக்கம் முடிச்சு இருக்கக் கூடாது. காயம் முழுதாக ஆறிய பிறகு, மருத்துவர் சரி என்ற பின்பே அணிய வேண்டும். கடைக்கு வந்தால் உள்ளறையில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன், கல்லாவில் என் மகன் இருந்தாலும் பேசாமல் உள்ளே வந்துவிடுங்கள்.

கேள்வி: குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் குரோஷாவில் ஆக்டோபஸ் பொம்மை செய்து தருகிறார்களாமே, அதன் கால்களைப் பிடித்துக்கொண்டால் தொப்புள்கொடி ஞாபகத்தில் குழந்தை அமைதியாகுமாம்?
– திருப்பாதிரிப்புலியூர் மாணவி

பதில்: 2013-இல் டென்மார்க்கில் தொடங்கியது அது. பார்க்க அழகாக இருக்கும். அந்த நாட்டிலேயே சுத்தப் பருத்தி, 60 டிகிரியில் துவைக்கும் நூல், இழுத்தால் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகாத கால்கள் என்று கறாரான விதிகள் வைத்திருக்கிறார்கள். நோய்த்தொற்று பயத்தில் பல குழந்தைகள் பிரிவுகள் பொம்மையை உள்ளே விடுவதில்லை, அது நியாயம்தான். நீங்கள் கொண்டுபோக நினைக்கும் பிரிவின் மருத்துவர் எழுத்தில் கேட்டால் செய்யுங்கள். இல்லையென்றால் அதே நூலில் இரண்டு குல்லா வரும்.

கேள்வி: எனக்கு இடது கைப் பழக்கம். சொல்லித்தர வந்த பக்கத்து வீட்டு அக்கா கைவிட்டுவிட்டார்.
– வில்லியனூர் வாசகி

பதில்: அவரை உங்கள் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரில் உட்கார வையுங்கள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பின்னினால் தானாக வரும். வடிவக் குறிப்புகளில் வலது, இடது என்று வருவதை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு: புதுச்சேரி வழக்கப்படி மதியம் ஒரு மணிக்குக் கதவை இறக்கினால் நான்கு மணிக்குத்தான் திறப்போம், வெயிலில் வந்து தட்டாதீர்கள். பெரியவர்களுக்கான மஃப்ளர் இப்போதைக்குப் போதும். 72 கண்ணிக் குல்லாவும், அதே நூலில் கணுக்கால் வரை வரும் காலுறையும் வேண்டும். துவைத்து, வாசனை எதுவும் தெளிக்காமல், ஒரு சீட்டில் நூல் என்ன ரகம் என்று எழுதிக் கொண்டுவாருங்கள்.